உப்பில்லாத கருவாடு

லண்டனின் பெக்கம் பகுதியில் ரை லேன் என்றொரு கடைத்தெரு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அந்த வழியாக நடந்துகொண்டிருந்தபோது என் ஊரின் மணம் வந்தது. வாழைக்காய்க்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் நடுவே, ஒரு கடை வாசலில் விறகுபோல அடுக்கி வைத்திருந்தார்கள்: தலை வெட்டி, வயிறு கீறி, காற்றில் காய்ந்து மஞ்சளாகிப்போன கொட் மீன். நோர்வேயில் அதற்குத் தொர்ஃபிஸ்க் என்று பெயர்.

எனக்குப் பக்கத்தில் நின்ற நைஜீரியப் பெண்மணி ஒவ்வொரு மீனாக எடுத்து இன்னொரு மீனோடு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதாகக் காய்ந்திருந்தால் 'டக்' என்று மரச் சத்தம் கேட்க வேண்டும். என் அப்பாவும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். நான் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு, எந்த ஊர் என்று கேட்டார். நோர்வே என்றேன். என் முகத்தையும் கையிலிருந்த மீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இது உங்கள் மீன் அல்லவா" என்றார்.

முப்பது வயதுக்கு மேல்வரை அந்த மீனை என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லக்கூடாது என்றுதான் வளர்ந்தேன்.

நான் பிறந்தது வார்டோவில். நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பேரன்ட்ஸ் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தீவு நகரம் அது. இஸ்தான்புல்லைவிடவும் கிழக்கே இருக்கிறது. 1980களில் கடலடிச் சுரங்கப்பாதை வந்த பிறகே பெருநிலத்தோடு சாலைத் தொடர்பு கிடைத்தது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியைத் தாண்டித்தான் திரும்பும். சூரிய வட்டம் முழுதாகத் தெரிந்த நாளில் பழைய கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. உலகத்தில் எல்லா ஊர்களிலும் சூரியனுக்கு விடுமுறை விடுவார்கள் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவர்கள். நோர்வேயில் பரீட்சையே இல்லாத விடுதிப் பள்ளிகள் உண்டு. 1980களில் அவற்றில் இடம் கிடைத்து வந்த தமிழ் இளைஞர்களில் அப்பாவும் ஒருவர். படிப்பு முடிந்ததும், ஆள் பற்றாக்குறையில் தவித்த வடக்கு மீன் தொழிற்சாலைகளுக்குப் பலர் போனார்கள். வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் கரையோரத்துச் சின்னச் சின்ன ஊர்களிலெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அம்மா வந்து இறங்கியது ஒரு பிப்ரவரி மாதம். பனையும் முருங்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மரமே வளராத ஊர். முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரே மரம், மீன் தொங்கவிட நட்டிருந்த கம்பங்கள்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அந்தக் கம்பப் பந்தலுக்கு ஹியெல் என்று பெயர். மீன்களை இரண்டிரண்டாக, வாலோடு வால் சேர்த்துக் கட்டி அதில் தொங்கவிடுவார்கள். உப்பு ஒரு துளிகூடக் கிடையாது. பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றே எல்லா வேலையையும் செய்யும். குளிர் மிஞ்சினால் சதை உறைந்து வெடித்துவிடும். வெயில் மிஞ்சினால் ஈ மொய்க்கும். சுழியம் பாகையை ஒட்டியே வானிலை நின்றால்தான் மீன் தேறும். ஐந்து கிலோ மீன் கடைசியில் ஒரு கிலோவாக நிற்கும். இதற்குப் பேர் பெற்ற இடம் எங்களுக்குத் தென்மேற்கே இருக்கும் லொஃபோட்டன் தீவுகள். பேரன்ட்ஸ் கடலில் வளரும் கொட் மீன், ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட அங்கேதான் போகிறது.

பள்ளி விட்டதும் நாங்கள் மீன் தலைகளில் நாக்கு அறுப்போம். நாட்டுக்கு வெளியே சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் வட நோர்வேயில் இது பிள்ளைகளின் வேலை. நிமிர்த்தி வைத்த இரும்பு முனையில் தலையைக் குத்தி, ஒரே வெட்டில் நாக்கை எடுத்து, வாளியில் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு வரும். என் முதல் சைக்கிளை அந்தக் காசில்தான் வாங்கினேன். நாக்கு அறுத்த தலைகளும் வீணாவதில்லை. அவற்றையும் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தொழிற்சாலையில் வேலை குறைந்தது. மற்றத் தமிழ்க் குடும்பங்களைப்போல நாங்களும் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தோம். புதுப் பள்ளியில் என் வடக்குப் பேச்சைக் கேட்டதும், அங்கே மீன் நாற்றம் தாங்கமுடியாதாமே என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதன் பிறகு எந்த ஊர் என்று யார் கேட்டாலும் ஒஸ்லோ என்றே சொல்லத் தொடங்கினேன். அப்பாவின் காதில் ஒருமுறை அது விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

பெக்கம் பெண்மணியிடம் அவர்கள் ஊரில் இதை என்னவென்று அழைப்பீர்கள் என்று கேட்டேன். "ஒக்பொரோக்கோ" என்றார். இக்போ மொழிப் பெயர். பானையில் போட்டால் கடகடவென்று சத்தம் போடுவது என்று பொருள் சொன்னார். நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற பியாஃப்ராவில் 1967 முதல் 1970 வரை போர் நடந்தபோது அவருடைய தாய் சிறுமி. சாவோ தொமே தீவிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து வந்த தேவாலய நிவாரண விமானங்களில் பால்மாவும் இந்த மீனும் வந்தனவாம். புரதம் இல்லாமல் வயிறு வீங்கிக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்த மீன்தான் தன் தாயைக் காப்பாற்றியது என்று அவர் நம்புகிறார். கடை வாசலில் நின்றபடியே, பத்து நிமிடத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒரு மீனைப் பொதிந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் ஊரிலும் எங்கள் ஊரைப்போன்ற ஊர்களிலும் தொங்கிய மீன், யாரோ ஒரு சிறுமியின் உயிரைத் தாங்கியிருக்கிறது. அந்த மணத்தை மறைக்கத்தான் பள்ளிக்குப் போகுமுன் இரண்டு முறை தலைக்குக் குளித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பயணங்கள் அந்த மீனின் வழியே போகத் தொடங்கின.

லிஸ்பனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அங்கே போவது உப்பிட்டுக் காயவைத்த கொட். நோர்வேயின் மேற்குக் கரையில் கிறிஸ்தியான்சுன்ட், ஓலசுன்ட் பக்கத்து மக்களின் தொழில். நத்தார் இரவில் போர்த்துக்கேய வீடுகளில் அதை உருளைக்கிழங்கோடும் கோவாவோடும் அவித்துப் பரிமாறுவார்கள். ருவா தோ அர்செனால் தெருக் கடைகளில் பலகை பலகையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், சுவைத்தேன், மகிழ்ந்தேன். ஆனால் என் மனம் உப்பில்லாத மீனின் பின்னேதான் போயிற்று.

அது என்னை இத்தாலிக்குக் கூட்டிச் சென்றது. விச்சென்சா நகருக்குப் பக்கத்தில் சாந்த்ரிகோ என்றொரு சிற்றூர். மீன் பிடிக்கக் கடலே இல்லாத ஊர், சுற்றிலும் சோள வயல்கள். ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே லொஃபோட்டன் மீனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அந்த மீனைச் சமைக்கும் முறையைக் காக்க 1987இல் ஒரு சபையே அமைத்திருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு கப்பல் விபத்தில் தொடங்கியது. 1431இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து வைன் ஏற்றிக்கொண்டு 68 பேருடன் ஃப்ளாண்டர்ஸுக்குப் புறப்பட்டார். அட்லாண்டிக் புயலில் சுக்கான் உடைந்தது. கப்பலைக் கைவிட்டுப் படகுகளில் ஏறினார்கள். குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராக இறந்துபோக, மிஞ்சிய சிலர் 1432 ஜனவரியில் லொஃபோட்டனின் தென்கோடியில், ரொஸ்ட் அருகே ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். மீனவர்கள் கண்டெடுத்துத் தங்கள் வீடுகளில் சேர்த்து, சில மாதங்கள் சோறிட்டு வைத்திருந்து, மே மாதம் வழியனுப்பினார்கள். ஊர் திரும்பிய குவெரினி எழுதிவைத்த குறிப்பில் இந்த மீன் வருகிறது: உப்பில்லாமல் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து மரம்போல் இறுகுவது, உண்ணுமுன் கோடரியின் பின்புறத்தால் அடிப்பது, பிறகு வெண்ணெயும் மசாலாவும் சேர்ப்பது. அறுநூறு ஆண்டுகளுக்குமுன் வெனிஸ்காரர் ஒருவர் எங்கள் வீட்டுப் பின்கட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது எனக்கு.

நான் தங்கிய வீட்டின் மூதாட்டி சமைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த மீன். அதற்கு நிறைய வெங்காயம், உப்பு மத்தி, பால், கோதுமை மா, துருவிய பாலாடைக்கட்டி, மீன் மூழ்கும்வரை ஒலிவ் எண்ணெய். மிகச் சிறு தீயில் நாலரை மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. பாத்திரத்தை இரு கையாலும் பிடித்து இலேசாகச் சுழற்றலாம். எண்ணெய் மெல்ல மெல்ல மூச்சுவிடுவதைப்போன்ற அந்தக் கொதிக்கு அவர்கள் பேச்சு வழக்கில் 'பிப்பாரே' என்று தனிச்சொல் இருக்கிறது. அம்மா மீன் குழம்பில் அகப்பை போடாமல் சட்டியோடு சுழற்றுவார், மீன் உடைந்துவிடும் என்று. அதே அசைவு. அதே மணிக்கட்டு.

அடுத்த நாள்தான் சாப்பிடத் தந்தார். ஒரு நாள் கிடந்தால்தான் ருசி ஊறுமாம். இதையும் அம்மா சொல்வார். மஞ்சள் சோளக் களியின் மேல் வெள்ளை வெள்ளையாக மீன். முதல் வாயில் காற்றின் சுவை தெரிந்தது. இதை வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மார்ச் மாதம் வார்டோ துறைமுகத்தில் நின்று வாயைத் திறந்தால் நாக்கில் படும் ஒன்று. தட்டைப் பார்த்தபடி அழுதுவிட்டேன். மூதாட்டி ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டார்.

அடுத்த பயணத்தில் இரண்டு மீனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். அங்கே என் பெரியம்மா இருக்கிறார். கடற்கரையில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். நான் கொண்டுபோன மீனைப் பெரியம்மா கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறி, நுனி நாக்கில் வைத்தார்.

"உப்பே இல்லையே பிள்ளை. புழுக்காமல் எப்படி இருந்தது?"

"குளிர்தான் உப்பு, பெரியம்மா."

நெடுநேரம் யோசித்தார். உப்பில்லாமல் கருவாடு என்பது அவருடைய எழுபது வருட அறிவுக்குள் அடங்கவில்லை. பிறகு அந்த மீனை அம்மியில் வைத்துக் குழவியால் அடிக்கத் தொடங்கினார். கோடரி இல்லாத குறை தெரியவில்லை. ஊறவைத்து, கத்தரிக்காயும் பழப்புளியும் யாழ்ப்பாணத் தூளும் போட்டுக் குழம்பு வைத்தார். அக்கம்பக்கத்தாருக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. நோர்வேக் கருவாடு என்று தெருவே பேசியது.

அன்று பெரியம்மா சொல்லித்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவுக்கு வெகு முன்பே, 1956இல், குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்குப் போயிருக்கிறார். மீன்பிடியில் அங்கே கண்டதைத் தன் மக்களுக்குக் கொண்டுவர நோர்வே நண்பர்களிடம் பணம் திரட்டி அவர் தொடங்கியதுதான் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியே வந்தன. அந்த வலைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களில் பெரியம்மாவும் ஒருவர். நோர்வே என்ற சொல்லைப் பெரியம்மா என் அப்பாவிடமிருந்து கேட்கவில்லை. அப்பாதான் பெரியம்மாவிடமிருந்து முதலில் கேட்டிருக்கிறார்.

போன மார்ச்சில் அப்பாவை வார்டோவுக்குக் கூட்டிப்போனேன். ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து அவர் திரும்பிப் போனதே இல்லை. கிர்கெனெஸ் வரை விமானம், பிறகு 1893 முதல் நோர்வேக் கரையோரம் ஓடும் ஹுர்திகுருத்தன் கப்பல். மதியம் ஏறி மாலையில் இறங்கினோம். அவர் வேலை செய்த தொழிற்சாலையின் கதவில் பலகை அடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் நடந்தார்.

ஊருக்கு வெளியே ஹியெல் வரிசையாக நின்றது. நாங்கள் இருந்த காலத்தைவிடக் குறைவு, ஆனால் மீன் தொங்கியது. காற்றடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பியது. அப்பா கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். கைக்கு எட்டிய இரண்டு மீனைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். சத்தம் மந்தமாக இருந்தது.

"இன்னும் ஆறு கிழமை வேண்டும்" என்றார்.

அந்த வழியாகத் தள்ளுவண்டியோடு வந்த இளைஞன் ஒருவன் நின்று, நீங்கள் எந்த ஊர் என்று நோர்வே மொழியில் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார்.

"வார்டோ" என்றேன்.