நங்கநல்லூர், 2025

செப்டம்பர் 14, ஞாயிறு
படிக்க ஜெர்மனி போகிற பாப்பாவின் பெட்டி மறுபடியும் 23 கிலோவைத் தாண்டிவிட்டது. நெய் பாட்டில் வெளியே வந்தது. கனத்துக்காக இல்லை, பால் சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். முருங்கை இலை போட்டு மணக்க மணக்கக் காய்ச்சியது. என் மனைவி இவள் ஒன்றும் பேசவில்லை. பருப்புப் பொடியும் ஆவக்காயும் தப்பித்தன. நான் வாங்கி வந்த ஸ்வெட்டர் மட்டும், "வேண்டாம்ப்பா, அங்கேயே வாங்கிக்கறேன்." அங்கேயே. எல்லாம் அங்கேயே.

செப்டம்பர் 16
மகாளயபட்சத்தில் யாராவது கிளம்புவார்களா என்று காலையிலிருந்து அம்மா. டிக்கெட்டை நானா போட்டேன்?

செப்டம்பர் 17
தூக்கம் வரவில்லை. விசாவுக்காக 11,904 யூரோ கட்டியாச்சு, ஆனால் மொத்தமாக எடுக்க முடியாத அந்த ப்ளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மாதம் 992தான் அவள் கைக்கு வரும். வாடகை, இன்ஷூரன்ஸ் போக என்ன மிஞ்சும்? பாங்க் கடனை அவளே அடைப்பாளாம். "நீ ரிடையர் ஆறதுக்குள்ள முடிச்சுடுவேன்ப்பா." பெருமையாகத்தான் இருந்தது. சுருக்கென்றும் இருந்தது. என் ரிடையர்மென்ட்டை எனக்கு முன்னால் அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். சண்டை போடணும் போல இருந்தது, விஷயம் கிடைக்கவில்லை. ஸ்கூட்டி ஆர்.சி. எங்கே என்று கத்தினேன்.

செப்டம்பர் 19, விடிகாலை
ஏற்றிவிட்டாச்சு. டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை, வாசலோடு சரி. திரும்பி வீடு வர கால் மணி கூட ஆகவில்லை. ஏர்போர்ட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு வாங்கியிருக்க வேண்டாம்.

ராத்திரி
டிரெஸ்டன் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல்.

செப்டம்பர் 21, அமாவாசை
இந்த வருஷம் கொலு வேண்டாம் என்றாள் இவள். அம்மா விடுவாளா? படி கட்டினேன். பார்க் போடுவது எப்போதும் பாப்பாதான். பால்கனியில் பார்த்தால் ட்ரே நிறையக் கேழ்வரகு முளைத்து நிற்கிறது. கிளம்பும் முன்பே விதைத்திருக்கிறாள். தண்ணீர் தெளித்து வந்தது இவள். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

செப்டம்பர் 30
ஆவின் பச்சைப் பாக்கெட்டில் ஒன்றைக் குறைத்தாச்சு. ரிமோட் என் கையில். பாத்ரூம் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. இவளிடம் சொல்ல முடியாது.

அக்டோபர் 8
ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி. வித்துடுங்க சார் என்கிறார் மெக்கானிக். சீட்டுக்கு அடியில் ரெயின்கோட், தலைமுடி சிக்கிய ரப்பர் பேண்ட், எழுத்து அழிந்துபோன பெட்ரோல் பில். இன்ஷூரன்ஸ் டிசம்பர் வரை இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 20, தீபாவளி
காலை நாலரைக்கு வீடியோ கால். அங்கே ராத்திரி ஒரு மணி. கங்கா ஸ்நானத்துக்கு நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்துக் காட்டினாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். யாரென்று இவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 26
அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிட்டார்களாம். மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. ஒன்பதரை போன் இனிமேல் பத்தரைக்கு. அதற்குள் அம்மா தூங்கிவிடுவாள். "ஊரே சேர்ந்து கடியாரத்தை மாத்துமா? உங்கிட்ட ஏதோ கதை விடறாடா."

அக்டோபர் 27
மழை. பத்தே முக்கால். போன் இல்லை.

அக்டோபர் 28
காய்ச்சலாம், முந்தாநாளிலிருந்து. ரசம் வைத்துக் குடித்தாளாம். மாத்திரை போட்டாளாம். டிசம்பரில் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன் என்றேன். பிப்ரவரியில் பரீட்சை. ஸ்கூட்டிக்குப் புது பேட்டரி போட்டிருக்கேன் என்றேன்.
"இன்னும் விக்கலையாப்பா?"