நாலா, அஞ்சா, ஏழா?

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பெருங்கடலுக்காகச் சண்டை. சின்னவளுக்கு இன்று சமூக அறிவியல் பரீட்சை. கேள்வி கேட்கச் சொல்லிப் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"பெருங்கடல் எத்தனை?"

"அஞ்சு."

"தப்பு. நாலு."

பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல், ஆர்க்டிக். ஆறாம் வகுப்பில் ஆர்க்டிக்கை மறந்ததற்காக ஒரு பீரியட் முழுக்க முட்டி போட்டவன் நான். முட்டி போட்டுப் படித்தது மறக்குமா? அவள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். தென்பெருங்கடலாம். அச்சுப்பிழை என்றேன். உடனே என் போனையே எடுத்து எனக்கே காட்டினாள். அண்டார்டிகாவைச் சுற்றி, 60 டிகிரி தென் அட்சத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் அதுதான். நேஷனல் ஜியாகிரஃபிக்காரர்களே 2021இல் தங்கள் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார்களாம்.

"நீங்க படிக்கும்போது இல்லப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். தண்ணீர் அப்போதும் அங்கேதானே கிடந்தது? 2006இல் புளூட்டோவைக் கிரகம் இல்லை என்று கழித்தார்கள், இப்போது ஒரு கடலைக் கூட்டியிருக்கிறார்கள். கணக்கு டேலி. நான் போட்ட முட்டிக்கு யார் கணக்கு?

டிவி சீரியலின் விளம்பர இடைவேளையில் அம்மா தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டும் தப்பு. ஏழு." உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர் என்று விரல் மடக்கி எண்ணினாள். கருப்பஞ்சாற்றுக் கடலில் எலுமிச்சம்பழம் பிழிந்திருக்குமா என்று சின்னவள் கேட்டாள். மூன்றாவது கடல் எந்தப் பக்கம் என்று நானும் கேட்டிருப்பேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சரி, ஏரிக்குப் போவோம் என்றேன். உலகிலேயே பெரிய ஏரி? "காஸ்பியன் கடல்." ஏரியைக் கேட்டால் கடலைச் சொல்கிறாளே என்று வாயைத் திறந்தேன், நல்லவேளை, அதற்குள் புத்தகம் கண்ணில் பட்டது. கடல் என்று பெயர் வைத்த ஏரியாம் அது, உப்புக் கரிக்குமாம். எங்கள் தெரு மட்டும் என்ன? பெயர் ஏரிக்கரைத் தெரு. ஏரி எங்கே என்று கேட்டால் அடுக்குமாடியைக் காட்டுவோம்.

பரீட்சையோடு இந்தியா மேப்பையும் கொடுக்கணும் என்பதை மகராசி ஒன்பதே முக்காலுக்குத்தான் சொன்னாள். ஆறுகளை நான் வரைந்தேன். காவிரி சரியாக வந்தது. அந்தத் தெம்பில் நர்மதையையும் கிழக்கே இழுத்து வங்காள விரிகுடாவில் சேர்த்துவிட்டேன். எந்த அரசும் செய்யாத நதிநீர் இணைப்பு. "அது மேற்கே ஓடும்ப்பா, தபதியும்தான்" என்று ரப்பரை நீட்டினாள். அழித்த இடத்தில் மத்தியப் பிரதேசமே கறுத்துப்போனது.

கடலுக்கு நீலம் தீட்டுவதை மட்டும் அம்மா யாருக்கும் விடவில்லை. நீலப் பென்சில் முனையைப் பிளேடால் சுரண்டித் தூளாக்கி, விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒற்றி, கன்னியாகுமரியிலிருந்து மேலே மெல்லத் தேய்த்துக்கொண்டே போனாள். கரையோரம் அழுத்தி, தள்ளிப்போகப் போக லேசாக. எனக்கும் இப்படித்தான் செய்துகொடுப்பாள். அப்போது கை இவ்வளவு நடுங்கியதில்லை. சீரியல் மறுபடி தொடங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

சென்னை வரும்போது பஞ்சு கொஞ்சம் வழுக்கி நீலம் ஊருக்குள் ஏறிவிட்டது. சின்னவள் பதறி ரப்பரைத் தேடினாள். 2015 டிசம்பரில் எங்கள் ஃப்ரிட்ஜ் ஹாலில் மிதந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

"விடுடி" என்றாள் அம்மா. "டிசம்பர்ல சரியா வந்துடும்."