டைட்டேனியம் போல்ட்டும் அரை டேங்க் பெட்ரோலும்

போன மாதம் என் பைக்கைச் சர்வீசுக்காகப் பிரித்தபோது, மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையைச் செய்தேன். வண்டியின் எடையைக் குறைக்க ஒவ்வொன்றாகக் காசு சேர்த்து வாங்கி மாட்டிய இலேசான பாகங்களையும், பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஒரிஜினல் பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமையலறைத் தராசில் எடை போட்டேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. சரி, போகட்டும்.

முதலில் டைட்டேனியம் போல்ட் செட். பழைய எஃகு போல்ட்டுகள் எல்லாம் சேர்த்து 740 கிராம், டைட்டேனியம் 420. ஆக, நான் மிச்சம் பிடித்தது 320 கிராம். அரை லிட்டர் பெட்ரோலே 370 கிராம் வரும். இத்தனைக்கும் ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், டைட்டேனியம் 4.5 கிராம், கேட்கப் பெரிய வித்தியாசம்தான், ஆனால் மாற்றிய மொத்த போல்ட்டே முக்கால் கிலோ என்றால் அதில் எவ்வளவுதான் குறைக்க முடியும்? "எஃகைவிட உறுதி" என்று வேறு சொல்லி விற்கிறார்கள். சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் உண்மை. ஆனால் தலையில் 12.9 என்று உறுதித் தரம் பொறித்த நல்ல எஃகு போல்ட் 1200 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும், போல்ட்டுக்குப் பயன்படுத்தும் கிரேடு 5 டைட்டேனியக் கலவை சுமார் 900தான். அதோடு டைட்டேனியத்துக்கு மரையில் கடித்துக்கொள்ளும் குணம் உண்டு, ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் பூசாமல் முடுக்கினால் திரும்ப வராது. எனக்கு ஒன்று அப்படிச் சிக்கி, துளை போட்டுத்தான் எடுத்தேன். இதில் இன்னொரு ரகம் இருக்கிறது, கலர் கலராக அலுமினிய போல்ட். வெளி உறையான ஃபேரிங்குக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் காலிப்பர் பக்கமோ ஆக்ஸில் பக்கமோ கொண்டுபோகவே கூடாது.

சைலன்சர் 4.6 கிலோவிலிருந்து 2.1க்கு வந்தது. பேட்டரி 3.4 கிலோ, லித்தியம் பேட்டரி 900 கிராம். கார்பன் மட்கார்டும் நம்பர் பிளேட் ஸ்டாண்டும் சேர்ந்து 200 கிராம் குறைந்தது. பளபளவென்று சிஎன்சி மெஷினில் கடைந்த பிரேக், கிளட்ச் லிவர்கள் மட்டும் பழையதைவிட 15 கிராம் கூடுதல்! அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தராசைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆக மொத்தம் ஐந்தரை கிலோ. வண்டி, நான், ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 285 கிலோ வருகிறது, அதில் இது 2 சதவீதம்கூட இல்லை. நேர் ரோட்டில் முறுக்கினால் 5 விநாடி எடுத்த இடத்தில் 4.9 எடுக்கும், அவ்வளவுதான். டாப் ஸ்பீடைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே எதிர்ப்பது காற்று, எடைக்கு வேலையே கிடையாது.

இதைக் காசு செலவில்லாமல் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். என் டேங்கில் 17 லிட்டர் பிடிக்கும், அதாவது நிரப்பினால் பன்னிரண்டரை கிலோ. அரை டேங்கோடு ஓட்டினாலே ஆறு கிலோவுக்கு மேல் இறங்கிவிடும், நான் அவ்வளவு செலவழித்து இறக்கியதைவிட அதிகம். அதுவும் பெட்ரோல் இருப்பது உயரத்தில், சைலன்சரைவிட அதன் எடை வளைவில் நன்றாகவே தெரிய வேண்டும். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது 'ஐயோ வண்டி கனத்துவிட்டதே' என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறீர்கள்? நான் நினைத்ததில்லை.

அப்புறம், சில எடைகள் காரணத்தோடுதான் அங்கே இருக்கின்றன. ஹேண்டில்பார் முனையில் இருக்கும் குண்டைக் கழற்றிவிட்டு இலேசான அலுமினியத்தைப் போட்டேன், அரை மணி நேரம் ஓட்டினதும் விரல் மரத்துப்போனது. அதிர்வை அடக்கத்தான் அந்தக் குண்டை வைத்திருக்கிறார்கள். பழையதையே திரும்ப மாட்டிவிட்டேன். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கதையும் இதேதான், எடையைக் குறைத்தால் எஞ்சின் சட்டென்று ரெவ் ஏறும், ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது பொசுக்கு பொசுக்கென்று அணைந்துவிடும்.

பேட்டரியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பாகத்தில் இரண்டரை கிலோ, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்குவதில்லை. குளிரில் மட்டும் முரண்டு பிடிக்கும், ஒரு நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டு அதைச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். மாட்டுவதற்கு முன், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள், 15 வோல்ட்டைத் தாண்டினால் லித்தியம் தாங்காது. நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கத் தேவையில்லை, பழையது உயிரை விடும்போது வாங்கலாம். சைலன்சர்? சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். இரண்டரை கிலோ என்பதெல்லாம் வீட்டில் சொன்ன காரணம்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று எனக்கு உறைத்தது நண்பனின் வண்டியில்தான். என்னுடைய அதே மாடல். ஸ்டாக் சைலன்சர், ஸ்டாக் பேட்டரி, அழுக்கு போல்ட். ரிம் மட்டும் ஃபோர்ஜ் செய்த, அதாவது அழுத்தி அடித்து உருவாக்கிய அலாய், முன்னும் பின்னும் சேர்ந்து மூன்று கிலோ குறைவு. இரண்டு வளைவிலேயே தெரிந்துவிட்டது. இடதிலிருந்து வலதுக்குச் சாய்க்க நான் வழக்கமாகக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்தேன், வண்டி நான் நினைத்ததற்கு மேலேயே சாய்ந்தது. சுற்றுகிற சக்கரம் தன் சுழல் அச்சைத் திருப்ப விடாமல் எதிர்க்கும், ஓரத்தில் எடை குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும். மேடு பள்ளத்தில் இன்னொரு லாபம், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை குறைவதால் சக்கரம் ரோட்டைவிட்டு எழும்பினாலும் சீக்கிரம் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. ஆனால் "சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்த மாதிரி" என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். நேராக வேகமெடுக்கும் கணக்கில், எடை முழுக்க ரிம்மின் வெளி ஓரத்திலேயே இருந்தால்கூட அதிகபட்சம் இரண்டு மடங்குதான்.

அதற்காக உடனே ரிம் வாங்க ஓடவும் சொல்ல மாட்டேன். எனக்கு அதற்கு முன் வேறொரு ஞானோதயம் நடந்தது. வண்டியில் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பார்த்தேன், ரோட்டு வண்டிக்கு 30 முதல் 35 மில்லிமீட்டர் இருக்கலாம், எனக்கு 48. கம்பெனி ஸ்பிரிங் என்னைவிட ஒல்லியான ஆளுக்காகச் செய்தது. என் எடைக்கேற்ற ஃபோர்க் ஸ்பிரிங்கும் புது ஆயிலும் போட்டு, பின் ஷாக்கைச் சரிபார்த்து, நல்ல டயரும் மாட்டியதற்கு ஆன மொத்தச் செலவு டைட்டேனியமும் கார்பனும் தின்றதைவிடக் குறைவு. வண்டி மாறிய மாற்றமோ அதைப் போலப் பல மடங்கு.

ரேஸில் கிராம் கணக்குப் பார்க்கிறார்களே என்பீர்கள். பார்க்கிறார்கள்தான். ஆனால் அங்கேயும் 1000 சிசி மோட்டோ ஜிபி வண்டி 157 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதியே இருந்தது, அதைவிடச் சின்ன வண்டிகள் ஓடும் மோட்டோ 3யில் ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்தே 152 கிலோ என்று கணக்கு. ஓட்டுபவரின் எடை அங்கே அவ்வளவு முக்கியம். 2017இல் டுகாட்டி 1299 சூப்பர்லெஜேரா என்று கார்பன் ஃபிரேமும் கார்பன் சக்கரமும் வைத்து 500 வண்டி மட்டும் செய்தார்கள், அதில் எல்லாமே அந்த எடைக்கென்று சேர்த்து டியூன் செய்தது. நாம் செய்வது அதிலிருந்து ஒரு மட்கார்டை மட்டும் கடன் வாங்குவது. என் தொப்பையில் ஐந்தரை கிலோ தாராளமாக இருக்கிறது என்று மெக்கானிக் சிரிக்காமல் சொன்னார், பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ரிம்முக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபோர்ஜ் செய்த அலுமினியம்தான், கார்பன் வேண்டாம். பள்ளத்தில் இறங்கினால் அலுமினியம் நெளிந்தாவது காட்டும், கார்பனில் உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாமல் போகலாம். கார்பன் மட்கார்டை விற்றாயிற்று. லிவரைக் கழற்ற மனம் வரவில்லை. 15 கிராம் கூடத்தான், ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது.