புகாரி அடுப்பும் ஒரு ஜூம் லென்ஸும்

லடாக்கில், கார்கில் பக்கத்தில் இருக்கும் திராஸில் ஒன்பது நாள் ஷூட்டிங் என்று சொன்னதும் நான் முதலில் தேடியது ஸ்வெட்டரை அல்ல, கேமராவின் கையேட்டை. அலெக்ஸா மினி மைனஸ் 20 டிகிரி வரை வேலை செய்யும் என்று போட்டிருந்தது. ஜனவரியில், முதல் நாள் காலை ஆறரை மணிக்கு வண்டியில் இருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 23 காட்டியது. கேமராமேன் சார் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன்.

ஆன் ஆகிவிட்டது. சொல்லப்போனால் கடைசி நாள்வரை பாடி ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. சென்னை மே மாதத்தில் எந்தச் சூட்டை வெளியே தள்ள கேமராவுக்குள் இருக்கும் ஃபேன் படாதபாடு படுமோ, அதே சூடுதான் அங்கே கேமராவைக் காப்பாற்றியது. அதனால் ஷாட்டுக்கு ஷாட் அணைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பேட்டரி என்ன ஆகும் என்பது வேறு கதை.

விமானத்தில் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதால் எல்லாமே கேமராவின் பின்னால் மாட்டும் 98 வாட்-அவர் வி-மவுண்ட் பேட்டரி, மொத்தம் பத்து. ஊரில் ஒரு பேட்டரி ஒன்று, ஒன்றேகால் மணி நேரம் தாராளமாக வரும். அங்கே அரை மணியிலேயே சிவப்பு விளக்கு. தீர்ந்துவிட்டது என்று ஒதுக்கிய பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மாட்டினால், மறுபடி இருபது நிமிடம் ஓடும். சார்ஜ் எங்கும் போய்விடவில்லை, குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சில்லிட்ட பேட்டரியை அப்படியே சார்ஜரில் போட்டுவிடக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஆறு பேட்டரியோடு படுத்தேன். புரண்டால் விலாவில் இடிக்கும்.

புத்திசாலித்தனமாக நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கைச்சூட்டுப் பொட்டலங்களைப் பேட்டரியோடு ஜிப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி மூடினேன். பத்து நிமிடத்தில் பொட்டலமும் ஜில்லென்று ஆகிவிட்டது. அதற்குள் இருப்பது இரும்புத்தூள், ஆக்சிஜன் பட்டால்தான் சூடாகும். பத்தாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் ஆக்சிஜனே மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருந்த கொஞ்சத்தையும் நான் அடைத்துவிட்டேன்.

ஃபோகஸ்தான் என் பிழைப்பு. லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் ஆறிப்போன நெய் மாதிரி இறுகிவிட்டது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் மோட்டார் முனகுகிறது, வளையம் எதுவரை சுழலும் என்று அது அளந்துகொள்ளும் காலிப்ரேஷன் பாதியில் நிற்கிறது. மோட்டாரின் திருகுவிசையை (டார்க்) ஏற்றி வைத்து, ஷாட்டுக்கு முன் வளையத்தைக் கையால் பத்துத் தடவை உருட்டி இளக்கிவிட்டேன். செட்டில் எல்லாவற்றுக்கும் ஒட்டும் துணி டேப்பான காஃபர் டேப் எதிலும் ஒட்டாது, பேனா எழுதாது. பென்சில் எழுதும்.

இனி அசல் கூத்து. மூன்றாம் நாள் சாயங்காலம், தங்கியிருந்த வீட்டில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு கனகனவென்று எரிகிறது, மேலே டீ கொதிக்கிறது, சுற்றி எட்டுப் பேர். ஜூம் லென்ஸ் மாட்டியபடியே கேமராவை உள்ளே கொண்டுவந்து, பாவம் நாள் முழுக்க நடுங்கியதே என்று அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அறையின் ஈரம் சில்லிட்ட லென்ஸில் படிந்து முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தேன், மறுபடி வெள்ளை. பிறகு பார்த்தால் பனிப்பு உள்ளேயும் இறங்கியிருக்கிறது. அங்கே எந்தத் துணியும் எட்டாது. அதோடு விட்டிருக்கலாம். நட்சத்திர ஷாட் ஒன்று பாக்கி என்று அப்படியே வெளியே தூக்கிக்கொண்டு போனேன். ஈரம் உள்ளேயே உறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மார்கழிக் கோலம் மாதிரி பனிப்பூ. மறுநாள் மதியம்வரை ஜூம் இல்லாத 35 எம்.எம். பிரைம் லென்ஸ் ஒன்றை வைத்தே ஓட்டினோம். கேமராமேன் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எரிச்சல் என்னவென்றால், இது எனக்குத் தெரிந்த விஷயம். ஈசிஆர் ரிசார்ட்டில் ஏசி அறையிலிருந்து லென்ஸை எடுத்ததும் வெளியே திறக்க மாட்டோம், பெட்டியோடு அரை மணி வெயிலில் வைப்போம். நூறு தடவை செய்திருக்கிறேன். திராஸில் வெளிதான் ஏசி, வீடுதான் சென்னை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நான்காம் நாளிலிருந்து முறையை மாற்றினோம். எடுத்த காட்சிகள் பதிவாகும் சி-ஃபாஸ்ட் கார்டை வெளியிலேயே கழற்றிவிட வேண்டும், ராத்திரி காப்பி எடுக்க அது வேண்டுமே. பிறகு கேமராவைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிக் கட்டி, பெட்டியில் பூட்டி, அடுப்பே இல்லாத அறையில் வைத்துவிட வேண்டும். வீட்டுப் பெரியவர் மாட்டுத் தீவனம் அடுக்கியிருந்த அறையைக் காட்டினார். கார்டும் பேட்டரியும் மட்டும் எங்களோடு உள்ளே வரும்.

கடைசி ராத்திரி பெரியவர் இந்தியில் கேட்டார்: இத்தனை லட்சம் விலை என்கிறீர்கள், அது வைக்கோலோடு கிடக்கிறது, இந்தக் கறுப்பு டப்பாக்களுக்கு மட்டும் படுக்கையா? என் இந்தியில் பனிப்பை விளக்க முடியவில்லை. "அதற்குச் சூடு ஆகாது, சாச்சா" என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கம்பளியை எடுத்துவந்து, அவரே தீவன அறைக்குப் போய்ப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு வந்தார்.