பாரன் தீவு எரிமலை: தரவு எங்கே கிடைக்கும், எங்கே காலை வாரும்

அந்தமானின் பாரன் தீவில் செயற்கைக்கோள் கண்ட வெப்பப் புள்ளிகளை அட்டவணையாக்கினேன்; கடைசிச் சில மாதங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 1991 முதல் விட்டுவிட்டுக் குமுறிவரும் மலை அடங்கிவிட்டது என்று எழுதவிருந்தேன். பிசகு வடிகட்டியதில் இருந்தது.

தீயையும் வெப்பத்தையும் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) தளத்தில், விர்ஸ் (VIIRS) என்ற செயற்கைக்கோள் கருவியின் 375 மீட்டர் துல்லியத் தரவு இரண்டு வகை: சில மணி நேரத்தில் வரும் உடனடித் தரவு, மாதக்கணக்கில் தாமதித்து வரும் திருத்திய தரவு. திருத்தியதில் மட்டும் ‘டைப்’ என்றொரு நெடுவரிசை உண்டு. அதில் 1 என்றால் எரிமலை. இரண்டையும் ஒட்டி, டைப் 1 மட்டும் போதும் என்று வடிகட்டினால் சமீப மாதங்கள் மொத்தமும் சத்தமில்லாமல் போய்விடும். ஆள் குடியில்லாத தீவு இது, அங்கே தெரியும் வெப்பம் பெரும்பாலும் எரிமலையுடையதுதான். டைப்பை விட்டுவிட்டு இடத்தை வைத்தே வெட்டுங்கள்: வடக்கு 12.23 முதல் 12.33 டிகிரி, கிழக்கு 93.81 முதல் 93.91 டிகிரி. கரைக்கோட்டை ஒட்டி வெட்டக் கூடாது. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கும்போது புள்ளி பெரிதாகி, அதன் மையம் கடலில் விழும். சுமார் 3 கிலோமீட்டர் அகலத் தீவில் அது பெரிய இழப்பு. பகல் நேரத்தில் ‘லோ’ (குறைந்த நம்பகம்) என்று குறித்த புள்ளிகளை மட்டும் கழித்துவிடலாம், பெரும்பாலும் கடலில் பட்ட வெயிலின் பளபளப்புதான்.

அடுத்த சறுக்கல் தேதியில். நேரமெல்லாம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் கணக்கில் நள்ளிரவு தாண்டி 12.45-க்குக் கடந்த செயற்கைக்கோள், கோப்பில் முந்தைய நாள் 1915 (அதாவது 19:15 மணி) என்று இருக்கும். பகல் கடப்பு 0715; எக்செலில் திறந்தால் முன்னால் உள்ள சுழி உதிர்ந்து 715 ஆகும். அந்த நெடுவரிசையை எழுத்தாகவே இறக்குங்கள்.

ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் படங்களுக்கு கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசக் கணக்கு போதும். அகச்சிவப்பு ஒளிப் பட்டைகள் 12, 11, 8ஏ சேர்த்துப் பார்த்தால் சூடான எரிமலை வாய் பளிச்சென்று தெரியும். மேக வடிகட்டியை 20 சதவீதத்தில் வைத்ததில்தான் பாதிப் படங்கள் போயின. அந்தச் சதவீதம், ஒரு படம் அடக்கும் 110 கிலோமீட்டர் சதுரம் முழுவதற்கும் போட்டது. சுற்றிலும் மேகம் மூடியிருக்க, தீவு மட்டும் திறந்திருக்கும் நாள் உண்டு. 100 சதவீதத்துக்கு ஏற்றி ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன். விர்ஸ் புள்ளி விழுந்த இரவுகளுக்கு அடுத்த நாட்களில் வாய் சிவந்து கிடந்தது. அப்போதுதான் நிம்மதி.

சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், ஆனால் தரை வீங்குவதை அளக்க இங்கே நம்பாதீர்கள். சுற்றிலும் கடல், ஒப்பிட அசையாத நிலம் பக்கத்தில் இல்லை.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்திருக்கலாம்; புள்ளி இல்லையென்றால் அட்டவணையில் சுழி போடாமல் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். அந்த மாதங்களுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையத்தின் அறிவிப்புகளையும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் எரிமலைப் பட்டியலில் 260010 என்ற எண்ணில் வரும் வாராந்தர அறிக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள்.