கட்சி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

"அமெரிக்காவின் இரண்டு முக்கியக் கட்சிகள் எவை?" குடியுரிமைத் தேர்வுக்காக நாங்கள் படித்த நூறு கேள்விகளில் இதுவும் ஒன்று. 2023 நவம்பரில் பிலடெல்பியா அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி இதை மூன்றாவதாகக் கேட்டார். ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்றேன். அப்போது பத்துக் கேள்வியில் ஆறு சரியாகச் சொன்னால் போதும். முதல் ஆறையும் சொல்லிவிட்டதால் அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். 2001 முதல் இந்த நாட்டில் இருக்கிறேன் என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கம்தான்.

உறுதிமொழி எடுத்த அன்று கையில் சிறு கொடியோடு வெளியே வந்தபோது, தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. பிறகு ஒரு கட்டம்: எந்தக் கட்சி? எனக்குச் சுருக்கென்றது. நான் எந்தக் கட்சி என்று அரசாங்கம் ஏன் கேட்கிறது? அரசு ஊழியரான என் அப்பா, தான் யாருக்கு வாக்களித்தார் என்பதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. "எந்தக் கட்சியும் இல்லை" என்பதற்கு நேரே டிக் அடித்தேன். என் மனைவியும் அப்படியே செய்தாள். நடுநிலையாளர்கள் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தோம்.

அந்தப் பெருமை 2024 ஏப்ரல் 23 வரை நீடித்தது. அன்று பென்சில்வேனியாவில் பிரைமரி, அதாவது வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். இஸ்திரி போட்ட சட்டையோடு காலை ஏழு மணிக்கே வாக்குச்சாவடிக்குப் போய் நின்றேன். பதிவேட்டைப் புரட்டிய மூதாட்டி மிகவும் கனிவாகச் சொன்னார்: உங்களுக்குத் தர என்னிடம் வாக்குச்சீட்டு இல்லை. இந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்களுக்கு ஒரு சீட்டு, குடியரசுக் கட்சியில் பதிந்தவர்களுக்கு இன்னொரு சீட்டு. எதிலும் சேராதவர் நவம்பர் பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டில் மகள் சிரித்தாள். 2002-இல் இங்கேயே பிறந்தவள். எனக்கு முன்பே வாக்காளர். "கட்சியில் சேருவது என்றால் அங்கே மாதிரி இல்லை அப்பா" என்றாள். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, கிளைச் செயலாளர் கிடையாது. கட்சி உங்களைச் சேர்த்துக்கொள்வதும் இல்லை, நீக்குவதும் இல்லை. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தின் பதிவேட்டில் நீங்களே எழுதிக்கொள்ளும் ஒரு சொல், அவ்வளவுதான். நம் ஊரில் மேலிடம் அமர்ந்து வேட்பாளர் பட்டியலை அறிவிக்கும். இங்கே அந்தப் பட்டியலை அந்தச் சொல்லை எழுதியவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்த ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஐந்து பேர் மோதினார்கள். ஐவரில் ஒருவரை எடுக்கும் வேலை என் நடுநிலைமை இல்லாமலே முடிந்துவிட்டது.

சரி, ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று படிக்க உட்கார்ந்தேன். முதல் குழப்பம் நிறம். சிவப்பு என்றால் எனக்கு அரிவாள் சுத்தியல். இங்கே அது குடியரசுக் கட்சியின் நிறம். ஊடகங்களில் அது நிலைத்ததே 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான். குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை என்ற சின்னங்களை வாக்குச்சீட்டில் தேடிப் பயனில்லை. அடிமைமுறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன் ஜனநாயகக் கட்சிக்காரர், அதன் பிறகு தெற்கத்திய வெள்ளையர் மெல்ல மெல்ல மற்றக் கட்சிக்குப் போனார்கள்.

தேர்தல் அறிக்கைகளையும் படித்தேன். குடியரசுக் கட்சியுடையது பதினாறு பக்கம், இருபது வாக்குறுதிகள். ஜனநாயகக் கட்சியுடையது அதைவிட ஐந்து மடங்கு நீளம். பைடன் விலகுவதற்கு முன்பே எழுதியது என்பதால், ஹாரிஸ் வேட்பாளரான பிறகும் அது பைடனின் இரண்டாம் ஆட்சிக்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. யாரும் திருத்தவில்லை. யாரும் படிப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு வித்தியாசத்தைப் புரியவைத்தது சாப்பாட்டு மேசைதான். மகள் இருபத்தாறு வயது வரை என் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். அதற்குக் காரணமான 2010 சட்டத்துக்குக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. மைத்துனர் பெட்ரோல் பங்கும் கடையும் நடத்துகிறார். 2017 வரிச் சட்டம் அவரைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு இருபது சதவீதம் வரை கழிவு தந்தது. அதற்கு ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. கருக்கலைப்பு பற்றிப் பேச்சு வந்தால் மகள் எழுந்து போய்விடுவாள். துப்பாக்கி பற்றி வந்தால் மைத்துனர் குரல் உயரும். இரவு பதினொரு மணிக்குக் கல்லாவில் தனியாக நிற்பவர் அவர்.

ஆனால் என் வாழ்க்கையின் பெரிய காத்திருப்பில் இரண்டும் ஒன்றுதான். 2008-இல் கிரீன் கார்டு வரிசையில் நின்றவன், 2018-இல்தான் கையில் வாங்கினேன். ஆண்டுதோறும் தரும் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு அப்படி. அதை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்கள் யூட்டாவின் மைக் லீயும் கமலா ஹாரிசும், கட்சிக்கு ஒருவர். செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவில் ஒப்புக்கொண்டது. இரண்டு வடிவங்களும் ஒன்றுசேராமல் மசோதா செத்துப்போனது. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

நவம்பரில் இருவரும் வாக்களித்தோம். எங்கள் பக்ஸ் கவுண்டியில் டிரம்ப் வென்றது முந்நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். தெருமுனை வரை போய்த் திரும்பினால் எதிர்ப்படும் மக்கள்தொகை அது. அதற்குப் பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. இணையத்தில் அதே படிவம், பத்து நிமிட வேலை. தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு வரை மாற்றலாம். நான் மகள் சொன்னதைக் கேட்டு ஜனநாயகக் கட்சி. மனைவி அண்ணன் பக்கம் நின்று குடியரசுக் கட்சி. இரண்டு நாள் எங்கள் வீட்டில் உப்புக்கும் புளிக்கும்கூடப் பேச்சில்லை.

2025 மே 20 பிரைமரியில் எங்கள் கவலையெல்லாம் பள்ளி வாரியம், அதாவது உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று எங்கள் கவுண்டியில் சில ஆண்டுகளாகவே பள்ளி வாரியங்களில் சண்டை. மாதிரி வாக்குச்சீட்டுகளை அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் சீட்டில் இருந்த பெயர்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவள் சீட்டிலும் இருந்தன. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் இந்த மாநிலத்தில் இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் மனுத் தாக்கல் செய்யலாமாம். மனைவி இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காப்பி போட எழுந்து போனாள்.