காரணம்: பொறியாளர் முடிவு

ஃபிளாட் ஸ்லாபுக்கு, அதாவது உத்திரமில்லாமல் நேரே தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் தளத்துக்கு, 200 மி.மீ. தடிமன் போதும் என்றது ஏ.ஐ. மென்பொருள். மூத்த பொறியாளர் திருத்தி, டிராயிங் 225 என்று போயிற்று. "எல்லா செக்கும் பாஸ் ஆயிடுச்சே சார், அப்புறம் எதுக்கு இன்னொரு 25?" என்று கேட்டார் இளம் பொறியாளர். "சைட் நிலவரம் வேறப்பா" என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. கேள்வி முடியவில்லை.

தூணுக்குத் தூண் 6 மீட்டர். தொய்வு அதில் 250-இல் ஒரு பங்குக்குள், அதாவது 24 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். மென்பொருள் காட்டியது 23. பஞ்சிங் ஷியர், அதாவது தூண் ஸ்லாபைக் குத்திக்கொண்டு கிளம்பப் பார்க்கும் விசை, தாங்குதிறனில் 0.98. எடையைக் குறை என்று சொன்னால் எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் விடையைத்தான் அது பிடித்து வரும். அதன் வேலையே அதுதான். ஆனால் கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் முட்டுகளை 14 நாள் கழித்தே பிரிப்பார்கள் என்ற அனுமானமும் அந்த 23-க்குள் ஒளிந்திருக்கிறது. 7 நாளில் பிரித்தால் பிஞ்சுக் கான்கிரீட் விரிசல் விடும், க்ரீப் (நீடித்த சுமையில் மெல்ல மெல்ல வளையும் குணம்) கூடும், நாளடைவில் தொய்வு எல்லையைத் தாண்டலாம். பிளம்பர் தூணோரம் டக்ட் (குழாய் இறங்க ஸ்லாபில் விடும் திறப்பு) கேட்டால் பஞ்சிங்கைத் தாங்கும் சுற்றளவு குறையும். கான்கிரீட் போடும்போது மேல்கம்பியை மிதித்து 15 மி.மீ. இறக்கிவிட்டால் 163 ஆக இருந்த எஃபெக்டிவ் டெப்த் (ஸ்லாபின் அடிப்பரப்பிலிருந்து அந்தக் கம்பி வரை உள்ள ஆழம்) 148. தாங்குதிறனில் 9 சதவீதம் போச்சு. 25 மி.மீ. கூட்டினாலோ, விரிசலுக்கு முந்தைய விறைப்பு 1.42 மடங்கு.

எல்லாம் சரி. கம்பி சற்று இறங்குவதையும் மனத்தில் வைத்துத்தானே விதிநூல் கம்பிக்கு 1.15 என்று பாதுகாப்புக் காரணி கொடுத்திருக்கிறது? ஒரே பயத்துக்கு இரண்டு தரம் விலை கொடுப்பது என்ன கணக்கு? விலையும் சின்னதல்ல. சதுர மீட்டருக்கு 62.5 கிலோ, 12 தளம் என்றால் ஒவ்வொரு நடுத்தூணிலும் 27 டன் கூடுதலாக இறங்கும், அஸ்திவாரமும் பெரிதாகும். டக்ட், 7 நாள் இரண்டையும் முன்பே நிபந்தனையாகக் கொடுத்திருந்தால் மென்பொருளே 210 என்றோ 215 என்றோ சொல்லியிருக்கலாம். 225 கணக்கில் வந்த எண்ணல்ல, கை பழகிய எண். அதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஸ்லாப் டிசைன் செய்கிற அன்று டக்ட் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்?

மாற்றத்துக்குக் காரணம் கேட்டு மென்பொருள் காட்டிய பெட்டியில் "பொறியாளர் முடிவு" என்று பதிந்தாயிற்று. பழைய திட்டங்களிலிருந்து கற்கும் மென்பொருள் அது. இப்படித் திருத்தங்கள் சேரச் சேர, முட்டு பிரிக்கும் நாளோ டக்ட்டோ தெரியாமலே தானாக 225 என்று சொல்லத் தொடங்கும். பெட்டியை இப்போதும் திருத்தலாம்தான். என்னவென்று எழுதுவது? டக்ட் என்றா, 7 நாள் என்றா, கைப்பழக்கம் என்றா?